வெளியிட்டவர் தெரியவில்லை

சின்னவள் முதலில் செய்த காரியம், மேசைக்கு அடியில் மண்டி போட்டு, அப்பாவின் கம்ப்யூட்டருக்குப் போகும் இன்டர்நெட் வயரைப் பிடுங்கியதுதான். பிடுங்கிய முனையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஹாலில் யாரோ நாற்காலிகளை இழுத்துப் போட்டார்கள். அப்பா அங்கேதான் இருந்தார், கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தி, வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போக வசதியாக. உயிரோடு இருந்தபோது இத்தனை பேர் ஒன்றாக வந்திருந்தால் மனுஷன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பியிருப்பார்.

அவளை அந்த அறைக்கு அனுப்பியது அண்ணன். அப்பா முப்பத்தாறு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். கூட வேலை பார்த்தவர்களுக்கு இன்னும் தகவல் போகவில்லை. அவருடைய போன் பூட்டிக் கிடந்தது. திறக்கும் எண் யாருக்கும் தெரியாது.

"நம்பரெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிருப்பார். நீதான் பாக்கணும். மூணு மணிக்கு வண்டி வந்துடும்" என்றான்.

நீதான் பார்க்கணும் என்று அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அவளுக்கு வேலையே அதுதான். ஒரு பெரிய கம்பெனியில், ஊழியர்களின் கம்ப்யூட்டரில் முன்பின் தெரியாத புரோகிராம் ஏதாவது தட்டுப்பட்டால் அது நல்லதா கெட்டதா என்று பார்த்துச் சொல்லும் பிரிவில் ஒன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். ஆபீஸில் அவளுக்குச் சல்லடை என்று பட்டப்பெயர். கேட்டால் கோபப்படுவதுபோல் நடிப்பாள். உள்ளுக்குள் அந்தப் பெயர் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

கம்ப்யூட்டர் அணைக்கப்படாமல்தான் இருந்தது. மவுஸைத் தொட்டதும் திரை விழித்துக்கொண்டது. கீழ் மூலையில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கட்டம். அம்பை அதன்மேல் கொண்டுபோனதும் பெயர் வந்தது: எல்எம்7.

அப்போதுதான் குனிந்து வயரைப் பிடுங்கினாள்.

அந்தப் பெயரை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். ஐந்து வாரத்துக்கு முன், தன் வீட்டுக் கம்ப்யூட்டரில். கால் மணிக்கு ஒரு தடவை அது வெளியே யாரையோ கூப்பிட்டது. பதில் வாங்கிக்கொண்டு திரும்பவும் வாயை மூடிக்கொண்டது. இதையே வேலையாகப் பார்க்கிறவளின் வீட்டுக்குள்ளேயே ஒருத்தன் வந்து உட்கார்ந்திருக்கிறான் என்றதும் அவளுக்குச் சிரிப்பும் வந்தது, ரோஷமும் வந்தது.

அவர்கள் பிரிவில் நாலு கேள்வி உண்டு. எங்கிருந்து வந்தது, யார் செய்தது, சொல்லாமலே என்ன செய்கிறது, யாரோடு பேசுகிறது. பெயரை மட்டும் பார்க்கவே கூடாது. திருடன் மாப்பிள்ளை என்று பெயர் வைத்துக்கொண்டும் வருவான். அவள் அன்றைக்கு நாலையும் கேட்டாள். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வெளியாள் யாரும் அந்தக் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்து எதையோ பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனார். அப்பாவை யார் கணக்கில் சேர்ப்பார்கள்? யார் செய்தது என்ற இடத்தில் 'வெளியிட்டவர்: தெரியவில்லை' என்று இருந்தது. கம்ப்யூட்டரைப் போட்டதும் யாரும் கேட்காமல் தானாகக் கிளம்பியது. பேசியது இதே ஊரில் ஏதோ ஒரு வீட்டு இணைப்போடு. அயோக்கியர்கள் அடுத்தவர் வீட்டில் ஒளிந்துகொண்டுதான் வேலை செய்வார்கள் என்பது அவளுக்குப் பாலபாடம்.

நாலில் இரண்டுக்குப் பதில் சரியில்லை என்றாலே உள்ளே தள்ளிவிட வேண்டும். தவறிப்போய் நல்லதாக இருந்தாலும் பரவாயில்லை, நல்லதை மறுபடி போட்டுக்கொள்ளலாம் என்று மேலதிகாரி சொல்வார். அவள் தள்ளினாள். ஆபீஸ் பழக்கத்தில் அழிக்காமல், எதையும் தொட முடியாதபடி தனியே பூட்டி வைத்தாள். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கதையாகச் சொன்னாள். "சல்லடை வீட்டுக்கேவா?" என்று எல்லோரும் சிரித்தார்கள்.

இப்போது அதே ஆள் அப்பாவின் வீட்டில் இருந்தான்.

அப்படியானால் இங்கிருந்துதான் அங்கே வந்திருக்கிறது. எவனோ எத்தனையோ வாரமாக இந்த அறைக்குள் இருந்திருக்கிறான். என்னவெல்லாம் பார்த்தான்? தனியாக இருக்கும் வயதானவர்களைத் தேடிப் பிடித்து, போனில் மிரட்டி, ராத்தூக்கம் இல்லாமல் அடிக்கிற கூட்டத்தைப் பற்றி மாதத்துக்கு ஒரு தடவை அவளே ஆபீஸில் வகுப்பெடுக்கிறாள். அப்பாவை மிரட்டினானா? அவர் பயந்துபோயிருந்தாரா? ஹாலிலிருந்து தும்மல் சத்தம் கேட்டால்கூடத் திடுக்கென்றது.

பயந்திருந்தாலும் அவர் சொல்லியிருக்க மாட்டார். அம்மா போன பிறகு நாலு வருஷமாகத் தனியாள். முதலில் சின்னவள் தினமும் போன் செய்துகொண்டிருந்தாள். "நான் உயிரோட இருக்கேனான்னு அட்டெண்டன்ஸ் எடுக்குறியா?" என்று ஒரு நாள் கேட்டார். சரி, வீட்டில் ஒரு கேமரா வைத்துவிடலாம் என்று அவள் சொன்னபோது பெரிய சண்டையாகிவிட்டது.

"என்னை எதுக்கு உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கணும்? லிஃப்டை யாரும் பாத்துக்கிட்டே இருக்கிறதில்ல. நின்னா பெல் அடிக்கும். அவ்வளவு இருந்தா போதும்."

"நீங்க லிஃப்டாப்பா?"

"லிஃப்டுக்கு இருக்கிற மரியாதைய எனக்குக் குடுங்கறேன்."

அதற்குப் பிறகு ஞாயிறு மட்டும்தான் போன். அவர் கேட்பதும் ஒரே கேள்வி. கம்ப்யூட்டர் நல்லா ஓடுதா? நல்லா ஓடுதுப்பா. எப்பவும் ஆன்லதானே இருக்கு? ஆமாப்பா, ராத்திரியெல்லாம் ஆபீஸ் வேலை அதுல ஓடும், அணைக்கிறதே இல்ல. சரி, அது போதும். பெண்ணின் உடம்பை விசாரிக்கத் தெரியாத மனுஷன் அவள் கம்ப்யூட்டரை விசாரிக்கிறார் என்று அவள் கணவனிடம் சொல்லிச் சிரிப்பாள்.

கதவு திறந்தது. பக்கத்து வீட்டு டீச்சர், கையில் டீயோடு. வியாழக்கிழமை சாயங்காலம் அப்பா வீட்டு வாசலில் இரண்டு நாள் பேப்பர் எடுக்காமல் கிடப்பதைப் பார்த்து அண்ணனுக்குப் போன் செய்தது இவர்தான்.

"ஒரு வாய் குடிம்மா. காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல நீ."

குடித்தாள். டீச்சர் போகவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்கு மனசே ஆறலம்மா. ரெண்டு நாளும் நான் வீட்டுலதான் இருந்தேன். பரீட்சைப் பேப்பர் திருத்திக்கிட்டு. நடுவுல ஒரு சுவருதான். ஒரு குரல் குடுத்திருந்தா ஓடி வந்திருப்பேன். ஏன் கூப்பிடலைன்னே புரியல."

"மாரடைப்புன்னாங்களே டீச்சர். கூப்பிட நேரமில்லாம போயிருக்கும்."

டீச்சர் அவளைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார்.

"அண்ணன் ஒண்ணும் சொல்லலையா?"

"என்ன?"

"நான் சொன்னதா காட்டிக்காதே. சமையலறைக்கும் இந்த ரூமுக்கும் நடுவுல விழுந்திருக்கார். புதன்கிழமை காலையில. இடுப்பெலும்பு விட்டுப்போச்சு. எந்திரிக்க முடியல. மாரடைப்பு அதுக்கப்புறம்தானாம். புதன்கிழமை பூரா உசிரு இருந்திருக்கலாம்னாரு டாக்டர்." டீச்சரின் குரல் இறங்கியது. "கதவைத் திறந்து உள்ள போனப்ப நான் பாத்தேன்மா. கண்ணாடியைக் கழட்டி, மடிச்சு, பக்கத்துல வச்சிருந்தார். தோள்ல கிடந்த துண்டைச் சுருட்டித் தலைக்கு வச்சிருந்தார். யாரோ வரப்போறாங்கன்னு காத்துக்கிட்டுப் படுத்திருந்த மாதிரிதான் இருந்துச்சு."

டீச்சர் போன பிறகு சின்னவள் டீ தம்ளரைக் கீழே வைக்க மறந்து கையிலேயே வைத்திருந்தாள். யார் வருவார் என்று காத்திருந்தார்? யாரையும் கூப்பிடாமல்?

அவளுக்குத் தெரிந்த ஒரே வழி, நாலு கேள்விதான். திரும்பவும் ஆரம்பித்தாள்.

எங்கிருந்து வந்தது? அது எங்கிருந்தும் வரவில்லை. வெளியிலிருந்து இறங்கியதற்கு ஒரு தடயமும் கிடையாது. இதே கம்ப்யூட்டரில், இதே மேசையில் வைத்துச் செய்யப்பட்டிருந்தது. அதே இடத்தில் வரிசையாக எல்எம்7-பழசு1, பழசு2 என்று ஆறு பழைய பிரதிகள். முதலாவது போன வருஷத்தது. திறந்து பார்த்தால் பாதியில் நின்றது, இரண்டாவது தப்பும் தவறுமாக. இப்படி அடித்துத் திருத்திப் பழகின நோட்டுகளை எந்தத் திருடனும் திருட வந்த வீட்டிலேயே விட்டுப் போக மாட்டான்.

யார் செய்தது? வெளியிட்டவர்: தெரியவில்லை.

அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். இவ்வளவு நேரமும் காலை எதன்மேல் வைத்திருந்தாள் என்று அப்போதுதான் குனிந்து பார்த்தாள். அப்பாவின் இரும்புப் பெட்டி. ஸ்பானரும் டெஸ்டரும் கிரீஸ் டப்பாவுமாக முப்பத்தாறு வருஷம் அவர் தோளில் தொங்கிய பெட்டி. மூடியில் மஞ்சள் பெயின்டில் கையால் எழுதியிருந்தது: எல்.எம். 7. லிஃப்ட் மெக்கானிக், ஏழாம் நம்பர். சின்ன வயதில் அவள் அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறாள். பெயரை மட்டும் பார்க்கவே கூடாது என்று ஒன்பது வருஷமாகப் பழகிய கண், பெயரைப் பார்க்கவே இல்லை.

அவள் அந்தச் சாம்பல் கட்டத்தை அழுத்தித் திறந்தாள்.

ஒரு ஜன்னல் விரிந்தது. நடுவில் பெரிய பட்டன் ஒன்று. அதில் 'இருக்கேன்' என்று எழுதியிருந்தது. கீழே தேதி வாரியாக ஒரு பட்டியல். காலை 6.40, இருக்கேன். காலை 6.35, இருக்கேன். காலை 6.50, இருக்கேன். ஒரு நாள் 6.58க்கு, அன்றைக்கு எழுந்திருக்கத் தாமதமாகியிருக்க வேண்டும். அழுத்தாத நாளே இல்லை, செவ்வாய்க்கிழமைவரை.

புதன், காலை 7.00. அழுத்தவில்லை. மணி அடிக்கட்டும்.

புதன், காலை 7.30. அழுத்தவில்லை. மணி அடிக்கட்டும்.

எட்டு மணிக்கும் அதே வரி. எட்டரைக்கும். அவள் சக்கரத்தை உருட்டிக்கொண்டே போனாள். பகல், சாயங்காலம், ராத்திரி, வியாழன் என்று அந்த வரி அரை மணிக்கு ஒன்றாக இறங்கிக்கொண்டே இருந்தது. வயரைப் பிடுங்கியதோடு அது நின்றிருந்தது; கடைசி வரி, இன்றைக்குப் பகல் ஒன்றரை. அப்போது அவள் ஹாலில் அப்பாவின் காலடியில் உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாவது, நான்காவது கேள்விகளை அவள் கேட்க வேண்டியிருக்கவில்லை. அப்பாவே ஒரு தடவை பதில் சொல்லியிருக்கிறார். அவளுக்கு ஏழு வயது, லிஃப்டில் ஏறப் பயம். கயிறு அறுந்தா என்னப்பா ஆகும், கரண்டு போனா என்ன ஆகும் என்று அழுதாள். பிரேக் எப்பவும் பிடிச்சுத்தான் இருக்கும் கண்ணு, கரண்டு இருக்கிறவரைக்கும்தான் அதைத் திறந்து வச்சிருக்கும், கரண்டு போனா அதுபாட்டுக்குப் பிடிச்சுக்கும், யாரும் வந்து ஒண்ணும் பண்ண வேண்டாம் என்றார். உள்ள மாட்டிக்கிட்டா? பெல்லை அடிச்சிட்டுக் கீழ உக்காந்துக்கோ. கத்தாத, கத்தினா மூச்சுதான் வாங்கும். பெல் போயிருக்கும், ஆள் வருவான். வந்தவன் முதல் காரியமா வெளியிலேருந்து 'வந்துட்டேன்'னு ஒரு குரல் குடுப்பான். கதவைத் திறக்க ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகும், ஆனா அந்தக் குரலைக் கேட்டா பயம் போயிடும்.

அப்பா பிரிண்ட் எடுக்க வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தன் வீட்டுச் சமையலறையில் இருந்தபோது, கம்ப்யூட்டர் இருந்த பக்கத்திலிருந்து ஒரு மணிச் சத்தம் கேட்டது. லிஃப்ட் மணி போலக் கரகரவென்று. என்னப்பா அது என்றாள். ஒண்ணுமில்ல, அடிக்குதான்னு பாத்தேன் என்றார். அவள் மேலே கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை, சொன்னால் தினமும் காலை ஏழு மணிக்கு அவள் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று அவருக்குத் தெரியும். பிறகு ஞாயிறுதோறும் கம்ப்யூட்டர் நல்லா ஓடுதா, நல்லா ஓடுதுப்பா. மணியை வாரம் தவறாமல் சோதித்துப் பார்க்கிற மெக்கானிக். அவர் கேட்டார், அவள் சரியாக இருக்கிறது என்று சொன்னாள்.

இங்கிருந்து அவள் வீடு நாற்பது நிமிஷம். புதன்கிழமை ஏழு மணிக்கு அவள், அந்த மணியைப் பூட்டி வைத்த தன் கம்ப்யூட்டரிலிருந்து மூன்றடி தூரத்தில் நின்று துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். இன்ன சட்டை என்றுகூட ஞாபகம் இருந்தது.

"கிடைச்சுதா?" அண்ணன் கதவருகே நின்றான். கண் வீங்கியிருந்தது. "மணி ரெண்டரை ஆச்சு."

அவள் நம்பர்களைத் தேடி எடுத்தாள். அது எளிதாகவே கிடைத்தது. நண்பர்கள் என்று பெயர் போட்டே வைத்திருந்தார். பன்னிரண்டு பேர். நாலு பேருக்கு எதிரே 'போய்விட்டார்' என்று தேதியோடு குறித்திருந்தார். அண்ணன் காகிதத்தை வாங்கிக்கொண்டு திரையை எட்டிப் பார்த்தான்.

"அது என்ன? வைரஸ் ஏதாவதா?"

"இல்லண்ணா."

"சேஃப்தானா?"

"சேஃப்தான்." அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "அப்பா செஞ்சது."

"என்னத்துக்காம்?"

அவள் சொல்ல வாயெடுத்தாள். அண்ணன் நின்ற இடம் சமையலறைக்கும் அந்த அறைக்கும் நடுவில் இருந்தது. டாக்டர் சொன்னதை அவளிடம் மறைத்தவன். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறான்.

"பெல்லு மாதிரி ஒண்ணு."

"அவருக்கு வேற என்ன தெரியும்" என்றான் அண்ணன். சிரிக்கப் போனவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அணைச்சிட்டு வா. அப்படியே வீட்டைப் பூட்டணும்."

"அது ஓடட்டும்ணா."

"ஆளில்லாத வீட்டுலயா?"

"ரெண்டு நாள் இருக்கட்டும்."

அவன் காகிதத்தோடு ஹாலுக்குப் போனான். அவள் மேசைக்கு அடியில் மண்டி போட்டு, பிடுங்கிய வயரைத் திரும்பச் சொருகினாள். முதல் தடவை சரியாக உட்காரவில்லை. 'டிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தினாள்.

மூன்று மணிக்கு வண்டி வந்தது. அப்பா குடியிருந்த அந்த அடுக்குமாடிக் கட்டிடத்து லிஃப்டை இத்தனை வருஷமும் அவர்தான் காசு வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் படுத்தபடி ஒருவரைக் கொண்டுபோக அதில் இடமில்லை. நாலு மாடியும் படியிறங்கித்தான் கொண்டுபோனார்கள். திருப்பங்களில் நின்று, மெல்ல, மெல்ல என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

எல்லாம் முடிந்து வீடு வந்து சேர்ந்தபோது மணி ஆறு. வெளிச்சம் இன்னும் இருந்தது. கணவன் குளித்துவிட்டு வரச் சொன்னான். அவள் செருப்பை மட்டும் கழற்றிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"இப்ப எதுக்கு அது?"

"ஒரு நிமிஷம்."

அவன் குளிக்கப் போனதும் பூட்டி வைத்த இடத்தைத் திறந்தாள். அங்கே ஒன்றே ஒன்றுதான் கிடந்தது. எல்எம்7, அடைத்த நாள், அடைத்தவர் என்ற இடத்தில் அவள் பெயர். விடுவி என்பதை அழுத்தினாள். எச்சரிக்கை ஒன்று குறுக்கே வந்து நின்றது. இந்த நிரலை வெளியிட்டவர் தெரியவில்லை, இதை அனுமதிப்பது ஆபத்தாக முடியலாம், நிச்சயமாக அனுமதிக்கிறீர்களா? இந்த வாசகத்தை அவள் ஆயிரம் தடவை படித்திருக்கிறாள். மற்றவர்கள் படிக்காமல் அழுத்துகிறார்களே என்று திட்டியும் இருக்கிறாள்.

ஆமாம் என்பதை அழுத்தினாள்.

அரை நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. அது வெளியே கூப்பிட்டது, பதில் வாங்கியது. பிறகு மணி அடித்தது. கரகரவென்று, விட்டு விட்டு, பழைய லிஃப்ட் மணி. திரையில் அப்பா எழுதிய வரி வந்தது. அப்பா பட்டனை அழுத்தவில்லை. பதறாதே. போய்ப் பார். அதற்குக் கீழே ஒரே ஒரு பட்டன்: வந்துட்டேன்.

கணவன் ஈரத் துண்டோடு ஓடி வந்தான். "என்ன சத்தம் அது?"

அவன் குனிந்து திரையைப் படித்தான், இரண்டு தடவை படித்தான். படித்துவிட்டு மவுஸை நோக்கி நீண்ட அவன் கையை அவள் மணிக்கட்டோடு பிடித்துக்கொண்டாள்.

"அடிக்கட்டும்" என்றாள்.

எதிர் வீட்டில் யாரோ பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். அவன் போய் ஜன்னல் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தினான்.